ஒரே காய்ச்சலில் இரு கிருமிகள்: கலப்பு மலேரியாவைக் கண்டறிவது எவ்வாறு?

சுகாதாரப் பாடம்

மலேரியாக் காய்ச்சல் என்றவுடன், தோட்டத்து முதியவர்களுக்குக் கசப்பான கொயினா மருந்தும், கால்வாய்களில் தெளிக்கப்பட்ட எண்ணெயும் நினைவுக்கு வரும். இளைஞர்களுக்கோ அது பாட்டன் காலத்துக் கதை. அவர்கள் அவ்வாறு எண்ணுவதற்குக் காரணமும் உண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவின் வழியாகப் பரவும் மலேரியா, 2018ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் உள்நாட்டிலேயே தோன்றியதாகப் பதிவாகவில்லை. அண்டை நாடான சிங்கப்பூர் 1982ஆம் ஆண்டிலேயே மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றுவிட்டது.

எனினும், ஒரு நோய் ஊரைவிட்டு அகன்றபின் புதியதோர் இடர் எழுகின்றது. அந்நோய் எவர் மூலமாகவேனும் மீண்டும் வந்து சேருமாயின், அதனை உடனே அடையாளங்காணும் பழக்கம் குறைந்துவிடுகின்றது. அதிலும், ஒருவரின் உடலில் இரண்டு வகை மலேரியாக் கிருமிகள் ஒரே வேளையில் புகுந்திருந்தால், ஒன்றைக் கண்டுபிடித்து மற்றொன்றை விட்டுவிட நேரிடும். விடுபட்ட அந்த ஒன்றே உயிருக்கு உலை வைப்பதாக அமையலாம். இக்கலப்புத் தொற்றினை மருத்துவர்கள் எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதையும், அதற்குத் தோட்டத் தொழிலாளர்கள் எவ்வாறு துணைபுரியலாம் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

தோட்டமும் மலேரியாவும்

இந்நாட்டின் ரப்பர்த் தோட்டங்களின் வரலாறும் மலேரியாவின் வரலாறும் பின்னிப் பிணைந்தவை. காடழித்துத் தோட்டம் அமைத்த காலத்தில் இந்நோயால் மாண்ட தொழிலாளர் பலர். 1901ஆம் ஆண்டில் கிள்ளான் பகுதியில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களிலிருந்து நீரை வடித்து நோயைக் கட்டுப்படுத்தும் பணியைத் தொடங்கினார். கொசுவினால் மலேரியா பரவுகின்றது என்பதனை ரொனால்டு ராஸ் இந்தியாவின் செக்கந்தராபாத்தில் மெய்ப்பித்தது 1897ஆம் ஆண்டில்தான். அதன்பின் நான்கே ஆண்டுகளில் அந்த அறிவு நம் மண்ணில் செயலுக்கு வந்தது.

ஆனால் கரையோரத்தில் பயன்பட்ட முறை மலைப்பாங்கான தோட்டங்களில் பயன்படவில்லை. கரையோரச் சதுப்பில் இருந்த கொசு நிழலை விரும்பியது. காட்டை வெட்டி நீரை வடித்தவுடன் அது மறைந்தது. மலைத் தோட்டங்களில் மரங்களை வெட்டியபோதோ ஓடைகளின்மீது வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்பும் 'மக்குலாட்டஸ்' என்னும் அனோபிலிஸ் கொசு அங்கே பெருகியது. ஆகவே ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தும் முறை கையாளப்பட்டது. எல்லாக் கொசுவும் ஒன்றல்ல என்னும் பாடத்தை அன்றைய தோட்டங்கள் கற்பித்தன. எல்லா மலேரியாவும் ஒன்றல்ல என்பது அதனை ஒத்த மற்றொரு பாடமாகும்.

கிருமி வகைகள் ஐந்து

மலேரியாவை உண்டாக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. கொசு கடிக்கும்போது அது இரத்தத்தில் கலந்து, முதலில் கல்லீரலைச் சென்றடைகின்றது. அங்குப் பெருகியபின் வெளிவந்து, இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுகின்றது. சிவப்பணு வெடித்துப் புதிய கிருமிகள் வெளிப்படும் வேளையிலேயே குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் தோன்றுகின்றன. மனிதரைத் தாக்கும் முக்கிய வகைகள் ஐந்து.

முதலாவது பால்சிபாரம். இதுவே மிகக் கொடியது. மூளை, சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றைத் தாக்கவல்லது. சிகிச்சை தாமதமானால் ஒரு நாள் இடைவெளியிலேயே நோய் முற்றி உயிரைப் பறிக்கக்கூடும்.

இரண்டாவது வைவாக்ஸ். இது பெரும்பாலும் பால்சிபாரத்தைப் போல விரைந்து கொல்வதில்லை. ஆயினும் இதனை எளிதாகக் கருதலாகாது. இதன் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மீண்டும் விழித்தெழும்.

மூன்றாவது ஓவலே. இதுவும் கல்லீரலில் உறங்கும் இயல்புடையது. ஆப்பிரிக்க நாடுகளிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது.

நான்காவது மலேரியே. நோயின் பெயரும் இக்கிருமியின் பெயரும் ஏறத்தாழ ஒன்றாக ஒலிப்பதால் வாசகர்கள் கவனமாக வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். இதன் காய்ச்சல் 72 மணி நேரத்திற்கு ஒருமுறை வரும். உடலில் நெடுங்காலம் தங்கியிருக்க வல்லது.

ஐந்தாவது நோலெசி. இது குரங்குகளிடமிருந்து கொசுவின் வழியாக மனிதரை வந்தடைவது. மற்றவை பெருகுவதற்கு 48 அல்லது 72 மணி நேரம் பிடிக்க, இதுவோ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகுகின்றது. ஆகவே மிக விரைவில் நோயை முற்றச் செய்யும்.

கலப்புத் தொற்று என்பது யாது?

ஒருவருடைய இரத்தத்தில் மேற்கண்ட வகைகளுள் இரண்டோ அவற்றிற்கு மேற்பட்டவையோ ஒரே காலத்தில் இருப்பதைக் கலப்புத் தொற்று என்பர். இது இருவழிகளில் நேரிடலாம். இரு வகைக் கிருமிகளையும் தாங்கிய ஒரே கொசு ஒருவரைக் கடிக்கலாம். அல்லது, வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு கொசுக்கள் கடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தொற்று ஏறலாம். இரண்டு வகைகளும் பரவியிருக்கும் இடங்களில் வாழ்ந்தவர்க்கு இது அரிதன்று. தென்கிழக்காசியாவில் பால்சிபாரமும் வைவாக்சும் சேர்ந்து வருவதே அடிக்கடி காணப்படும் கலப்பு.

1980ஆம் ஆண்டுகளில் தாய்லாந்தில் நடைபெற்ற ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகப் புலப்படுத்தியது. மருத்துவமனையில் பால்சிபாரத்திற்குச் சிகிச்சை பெற்று, மீண்டும் கொசுக்கடிக்கு ஆளாகாதவாறு அங்கேயே தங்கியிருந்த நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பின்னர் வைவாக்ஸ் தோன்றியது. புதிய கொசுக்கடி இல்லாதபோது அக்கிருமி எங்கிருந்து வந்தது? அது முன்பே அவர்களின் கல்லீரலில் பதுங்கியிருந்தது என்பதே விடை.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக ஒரு கற்பனை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். இந்தோனேசியாவின் பப்புவாப் பகுதியில் சில காலம் வேலை செய்த ஓர் இளைஞர், நம் நாட்டுத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டும் வேலைக்கு வந்து சேருகின்றார். வந்த பத்தாம் நாள் அவருக்குக் குளிர்காய்ச்சல் காண்கின்றது. தலைவலி, உடல்வலி, வாந்தி. இரத்தத்தில் தட்டணுக்களும் குறைந்துள்ளன. இவையனைத்தும் டெங்கியிலும் காணப்படுபவை. டெங்கி மிகுந்த நாட்டில் மருத்துவரின் முதல் ஐயம் டெங்கியின்மீது விழுவது இயல்பே. இரண்டு நாள்கள் கழிகின்றன. அதன்பின் எவரோ அவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்கின்றனர். உடனே மலேரியாப் பரிசோதனை செய்யப்பட்டுப் பால்சிபாரம் கண்டறியப்படுகின்றது. மூன்று நாள் மருந்து உண்டு, காய்ச்சல் தணிந்து, இளைஞர் வேலைக்குத் திரும்புகின்றார்.

ஐந்து வாரம் கழித்து மீண்டும் நடுக்கம். "மருந்து பலிக்கவில்லை" என்கின்றனர் லயன் வீடுகளில் உள்ளோர். "இங்கே கொசு கடித்துவிட்டது" என்கின்றனர் வேறு சிலர். இரண்டும் தவறு. இம்முறை இரத்தத்தில் காணப்படுவது வைவாக்ஸ். அது முதல் நாளிலிருந்தே அவருடைய கல்லீரலில் இருந்தது. பால்சிபாரத்தை அழித்த மருந்து, கல்லீரலில் உறங்கிய வைவாக்சை எட்டவில்லை. பாதிக் கிணறு தாண்டிய கதையாக முடிந்தது அவருடைய சிகிச்சை. இதற்கிடையில் தோட்டத்து அனோபிலிஸ் கொசு அவரைக் கடித்திருக்குமாயின், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அந்நோய் பரவியிருக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறாகவும் நிகழலாம். அதுவே மேலும் அஞ்சத்தக்கது. வைவாக்ஸ் மட்டும் கண்ணிற்பட்டு, பால்சிபாரம் விடுபட்டுப் போவதாக வைத்துக்கொள்வோம். முதிர்ந்த பால்சிபாரக் கிருமிகளைத் தாங்கிய சிவப்பணுக்கள் உள்ளுறுப்புகளின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையவை. ஆகவே விரல் நுனியில் எடுக்கும் இரத்தத்தில் அவை சிலவே தென்படலாம். வைவாக்ஸ் மட்டுமே என்றெண்ணிக் குளோரோகுயின் கொடுத்தால், அம்மருந்துக்கு அடங்காத பால்சிபாரம் தடையின்றிப் பெருகி மூளையைத் தாக்கும்.

நோய் அற்ற ஊரில் இடர் மிகுவது ஏன்?

மலேரியா மலிந்த இடங்களில் ஆய்வுக்கூடப் பணியாளர் நாள்தோறும் பல இரத்தத் துளிகளில் கிருமியைக் காண்பார். அவர் கண்ணும் கையும் பழகிவிடும். மலேரியா மறைந்த ஊரிலோ, ஒரு பணியாளர் மாதக் கணக்கில் ஒரு கிருமியைக்கூடக் காணாமல் இருக்கலாம். கிருமி இருப்பதைக் கண்டுபிடிப்பதே அரிதாகும்போது, ஒன்றன் பின்னால் மறைந்திருக்கும் மற்றொன்றைக் காண்பது எளிதன்று. கிருமியொன்றைக் கண்டவுடன், "விடை கிடைத்துவிட்டது" என்று தேடலை நிறுத்திவிடும் மனித இயல்பும் இதனோடு சேர்ந்துகொள்கின்றது.

மேலும், நோய் மிகுந்த இடங்களில் வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். அவர்களுடைய இரத்தத்தில் கிருமி இருந்தும் காய்ச்சல் இல்லாதிருக்கலாம். நாட்டிற்குள் நுழையும்போது செய்யப்படும் இரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை என்பதனாலும் முழு நிம்மதி அடைய இயலாது. கல்லீரலில் உறங்கும் வைவாக்சை எந்த இரத்தப் பரிசோதனையாலும் நேரடியாகக் காண முடியாது.

இரத்தத் துளி கூறும் செய்தி

மலேரியாக் கிருமியை முதன்முதலில் கண்டவர் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான், ஆண்டு 1880, இடம் அல்ஜீரியா. அவர் கையாண்ட நுண்ணோக்கியே இன்றும் மலேரியாப் பரிசோதனைக்கு அடிப்படைக் கருவியாக விளங்குகின்றது.

நோயாளியின் விரல் நுனியிலிருந்து எடுக்கும் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இருவிதமாகப் பரப்புவர். ஒன்று தடித்த பூச்சு. மற்றொன்று மெல்லிய பூச்சு. தடித்த பூச்சில் மிகுதியான இரத்தம் சிறு இடத்தில் அடங்குவதால், கிருமி சொற்பமாக இருந்தாலும் அதனைக் கண்டுகொள்ளலாம். மெல்லிய பூச்சில் சிவப்பணுக்கள் சிதையாமல் ஒற்றை அடுக்காகப் பரவியிருப்பதால், கிருமி எவ்வகையைச் சேர்ந்தது என்பதனை உருவத்தைக் கொண்டு அறியலாம். தடித்த பூச்சு "கிருமி உண்டா?" என்னும் வினாவிற்கும், மெல்லிய பூச்சு "எந்தக் கிருமி?" என்னும் வினாவிற்கும் விடை தருகின்றன.

பூச்சுகளுக்கு ஜீம்சா என்னும் சாயமேற்றி, ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்ப்பர். பால்சிபாரம் மெல்லிய மோதிரம் போன்று தோன்றும். ஒரே அணுவில் இரண்டு மூன்று மோதிரங்களும் இருக்கலாம். அதன் பாலணு வாழைப்பழம் போல் வளைந்திருக்கும். வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு ஊதிப் பெருத்து, சிறு புள்ளிகளுடன் காணப்படும். மலேரியே, அணுவின் குறுக்கே பட்டையாகத் தென்படும்.

இங்கே ஓர் இன்றியமையாத விதி உண்டு. தடித்த பூச்சில் குறைந்தது 100 புலங்களைப் பார்த்தபின்னரே கிருமி இல்லை என்று கூறலாம். புலம் என்பது நுண்ணோக்கியில் ஒரே நோக்கில் தெரியும் வட்டம். கிருமி காணப்பட்டாலோ, வேலை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. மேலும் 100 புலங்களைப் பார்த்த பின்னரே வகையை முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது வகை ஒளிந்திருந்தால் தவறிப் போகாமல் இருப்பதற்காகவே இவ்விதி ஏற்பட்டது. இரண்டு வகைகளுள் ஒன்று மிகுந்தும் மற்றொன்று மிகக் குறைந்தும் இருப்பதே வழக்கம். முதல் நூறு புலங்களில் மிகுந்தது மட்டுமே முகங்காட்டக்கூடும்.

முதல் பரிசோதனையில் கிருமி காணப்படாவிடினும், ஐயம் நீங்காதவரை 12 முதல் 24 மணி நேரத்திற்கு ஒருமுறையாக மூன்று முறை இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே, "நேற்றுதானே இரத்தம் எடுத்தீர்கள்?" என்று எவரும் சலித்துக்கொள்ளலாகாது. இரண்டாம் முறை எடுப்பது பணியாளரின் அலட்சியத்தைக் காட்டுவதன்று. அவருடைய கவனத்தையே காட்டுகின்றது.

விரைவுச் சோதனைப் பட்டை

நுண்ணோக்கி இல்லாத இடங்களில் விரைவுச் சோதனைப் பட்டை கைகொடுக்கின்றது. ஒரு துளி இரத்தத்தை இட்டால், ஏறத்தாழ கால் மணி முதல் அரை மணி நேரத்திற்குள் கோடுகள் தோன்றும். இப்பட்டை கிருமியைக் காண்பதில்லை. கிருமி வெளியிடும் புரதத்தையே அறிகின்றது. பரவலாகப் பயன்படும் ஒருவகைப் பட்டையில் மூன்று கோடுகளுக்கு இடமுண்டு. முதல் கோடு பட்டை சரியாக வேலை செய்வதைக் காட்டுவது. இரண்டாவது, பால்சிபாரத்திற்கே உரிய புரதத்தைக் காட்டுவது. மூன்றாவது, எல்லா மலேரியாக் கிருமிகளுக்கும் பொதுவான புரதத்தைக் காட்டுவது.

பால்சிபாரக் கோடும் பொதுக் கோடும் சேர்ந்து தோன்றினால் பொருள் யாது? கலப்புத் தொற்று என்று சிலர் உடனே கூறிவிடுவர். அது சரியன்று. பால்சிபாரமும் மலேரியாக் கிருமியே ஆதலின், பொதுப் புரதத்தை அதுவும் வெளியிடும். எனவே பால்சிபாரம் மட்டும் இருந்தாலும் இரு கோடுகளும் தோன்றலாம். பால்சிபாரத்தோடு வேறொன்று கலந்திருந்தாலும் இரு கோடுகளும் தோன்றலாம். இரண்டையும் இவ்வகைப் பட்டையால் பிரித்தறிய இயலாது. பொதுக் கோடு மட்டும் தோன்றினாலோ, பால்சிபாரம் அல்லாத ஏதோ ஒரு வகை உண்டு என்று கொள்ளலாம். அது எது, ஒன்றா இரண்டா என்பது தெரியாது.

வேறு குறைகளும் உள. பால்சிபாரத்தின் புரதம், நோய் குணமான பின்னரும் சில வாரங்கள் இரத்தத்தில் தங்கக்கூடும். ஆகவே பழைய நோய் புதிய நோயாகத் தோன்றலாம். அப்புரதத்தை உண்டாக்காத பால்சிபார வகை 2010ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் அறியப்பட்டு, பின்னர் வேறு நாடுகளிலும் காணப்பட்டது. அத்தகைய கிருமி பட்டையை ஏமாற்றிவிடும். நோலெசியைக் கண்டறிவதிலும் பட்டைகள் நம்பத்தக்கவை அல்ல. ஆதலின் பட்டை, நுண்ணோக்கிக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

மரபணுச் சோதனை

கிருமியின் மரபணுவின் ஒரு சிறு பகுதியைக் கோடிக்கணக்கான மடங்கு பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையே வகையை உறுதி செய்வதில் சிறந்தது. நுண்ணோக்கியில் தப்பிய மிகச் சில கிருமிகளையும் இது காட்டிக்கொடுக்கும். கலப்புத் தொற்றுகள் நாம் எண்ணியதைவிட மிகுதி என்பது இச்சோதனை வந்தபின்பே விளங்கியது.

ஆயினும் இதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களும் உயர்ந்த கருவிகளும் வேண்டும். தோட்ட மருந்தகத்தில் இதனைச் செய்ய இயலாது. இரத்த மாதிரியைப் பெரிய ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். முடிவு வரச் சில நாள்கள் ஆகலாம். அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைத்தல் ஆகாது. நுண்ணோக்கியின் முடிவைக் கொண்டு மருந்தைத் தொடங்குவதும், மரபணுச் சோதனையின் முடிவைக் கொண்டு அதனைத் திருத்துவதும் முறையாகும்.

நம் நாட்டுப் படிப்பினை: நோலெசி

ஒரு வகையை மற்றொன்றாக மயங்குவதன் விளைவை உலகிற்கு உணர்த்தியது நம் நாடேயாகும். 1965ஆம் ஆண்டில் பகாங் காட்டில் பணிபுரிந்து தாயகம் திரும்பிய அமெரிக்கர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் வேறு வகை மலேரியா எனக் கருதப்பட்டது. அவருடைய இரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தபோதே, அது குரங்கு மலேரியாவாகிய நோலெசி எனத் தெளிவாயிற்று. இயற்கையாக மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக அறியப்பட்ட முதல் நிகழ்ச்சி அது. எனினும், அஃது அரிய விதிவிலக்கென்றே பல ஆண்டுகள் எண்ணப்பட்டது.

2004ஆம் ஆண்டில் சரவாக்கின் காப்பிட் பகுதியைச் சேர்ந்த ஆய்வு வெளியானது. பல்பீர் சிங் என்னும் அறிஞரின் தலைமையில் நடைபெற்ற அவ்வாய்வில், மலேரியா கண்ட 208 பேரின் இரத்தம் மரபணு முறையில் சோதிக்கப்பட்டது. அவர்களுள் 120 பேரிடம் நோலெசி காணப்பட்டது. நுண்ணோக்கியில் பலருக்கு 'மலேரியே' என்று குறிக்கப்பட்டிருக்க, மரபணுச் சோதனையில் ஒருவரிடமும் மலேரியே இல்லை. நோலெசியும் மலேரியேயைப் போன்றே அணுவின் குறுக்கே பட்டையாகத் தோன்றுவதே மயக்கத்திற்குக் காரணம். சாதுவானதெனக் கருதப்பட்டது உண்மையில் உயிர்க்கொல்லி!

இன்று மலேசியாவில் உள்நாட்டில் தொற்றும் மலேரியா நோலெசியே. 2018ஆம் ஆண்டு முதல் 2023 வரை ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் இதற்கு ஆளாயினர், இறந்தோரும் உளர். சபா, சரவாக் மாநிலங்களில் இது மிகுதி, தீபகற்பத்திலும் உண்டு. நீண்ட வாலுடைய குரங்குகளும் பன்றிவால் குரங்குகளும் இக்கிருமியைத் தாங்குகின்றன. காட்டோரத் தோட்டங்களில் விடியற்காலையிலும் அந்தியிலும் வேலை செய்வோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் வைவாக்ஸ் பெற்று வந்த ஒருவருக்குக் காட்டோரத்தில் நோலெசியும் தொற்றக்கூடும் அன்றோ?

வகை அறிந்தால் மருந்து அறியலாம்

"எந்த வகையாயிருந்தால் என்ன? மலேரியாவுக்கு மருந்து ஒன்றுதானே?" என்று கேட்போர் உண்டு. இரத்தத்திலுள்ள கிருமிகளை அழிக்க, ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து எல்லா வகைகளுக்கும் பயன்படுகின்றது. கலப்புத் தொற்றெனத் தெரிந்தாலோ, வகையில் ஐயம் இருந்தாலோ இதுவே ஏற்றது. ஆனால் வைவாக்சும் ஓவலேயும் கல்லீரலில் உறங்குவதால், அவற்றை வேரறுக்கப் பிரைமாகுயின் என்னும் மருந்தும் வேண்டும். இதனை வழக்கமாக 14 நாள்கள் உண்ண வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றுவிடுவதால், பலர் இடையில் விட்டுவிடுகின்றனர். மீதமுள்ள மாத்திரைகளை விட்டுவிடுவது, உறங்கும் கிருமியைத் தாலாட்டி வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்கள் பிரைமாகுயின் உண்டால் சிவப்பணுக்கள் சிதைந்து ஆபத்து நேரிடலாம். ஆகவே அக்குறை உண்டா என்று சோதித்த பின்னரே மருத்துவர் அதனைக் கொடுப்பார். மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இச்சோதனை செய்யப்படுகின்றது. உங்கள் பிள்ளையின் மருத்துவக் குறிப்பில் இக்குறை எழுதப்பட்டிருந்தால் அதனை மறவாமல் மருத்துவரிடம் கூறுங்கள். கருவுற்ற தாய்மார்களும் தங்கள் நிலையைத் தெரிவித்தல் வேண்டும். அவர்களுக்கு இம்மருந்து கூடாது. பிறருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி உண்பது எக்காரணத்தாலும் தகாது.

தொழிலாளர்கள் செய்ய வேண்டியவை

நுண்ணோக்கி எவ்வளவு நுட்பமானதாயினும், அதனை நோக்கி மருத்துவரைத் திருப்புவது நோயாளியின் சொல்லே. காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரிடமோ தோட்ட மருத்துவ உதவியாளரிடமோ பின்வரும் செய்திகளைக் கேட்காமலேயே கூறிவிடுங்கள்.

1. கடந்த ஓராண்டிற்குள் சென்று வந்த நாடுகளும் ஊர்களும். உறவினரைக் காணச் சென்றதும் பயணமே. சென்னை போன்ற நகரங்களிலும் நெடுங்காலம் வைவாக்ஸ் இருந்து வந்தது; கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெருகும் ஸ்டீபன்சி என்னும் கொசு அதனைப் பரப்பியது. இப்போது அங்கு நோய் பெரிதும் குறைந்திருப்பினும் பயணத்தைத் தெரிவிப்பது நன்று.

2. காட்டோரத்தில் வேலை செய்தது, இரவு தங்கியது, வேட்டைக்கோ மீன்பிடிக்கவோ சென்றது.

3. முன்பு மலேரியா கண்டதுண்டா, என்ன மருந்து, எத்தனை நாள் உண்டது.

4. இப்போது ஏதேனும் மாத்திரை உண்டதுண்டா. ஊரிலிருந்து கொண்டுவந்த மலேரியா மாத்திரையில் பாதியை விழுங்கிவிட்டு வந்தால், கிருமி குறைந்து பரிசோதனையில் மறைந்துபோகும். நோயோ உள்ளேயே இருக்கும்.

5. சிகிச்சை முடிந்த பின் மீண்டும் இரத்தம் கொடுக்க அழைத்தால் தவறாமல் செல்லுதல். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் திரும்பினால், முன்பு எந்த வகை கண்டறியப்பட்டது என்னும் குறிப்புச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுதல்.

இந்நாட்டில் 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி மலேரியா, அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும். ஒருவருக்கு அது கண்டறியப்பட்டவுடன் சுகாதார அதிகாரிகள் தோட்டத்திற்கு வந்து அக்கம்பக்கத்தாரின் இரத்தத்தையும் எடுக்கலாம். அதற்கு ஒத்துழைப்பது நம் கடமை. வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தொழிலாளியை, நோயைக் கொண்டுவந்தவர் என்று ஒதுக்குவது அறமும் அன்று, அறிவும் அன்று. ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சல் கொசுவின் வழியே நம் வீட்டு வாசலுக்கு வரும். மொழி தெரியாத அத்தொழிலாளியை மருந்தகத்திற்கு அழைத்துச் சென்று, அவர் எங்கிருந்து வந்தார் என்பதை எடுத்துச் சொல்ல ஒருவர் துணை நின்றாலே, இரு நாள் தாமதம் இல்லாமற்போகும்.

பாடச் சுருக்கம்

மலேரியாக் கிருமி வகைகள் ஐந்து. ஒருவரிடம் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம். ஒன்றைக் கண்டபின்னும் மற்றொன்றைத் தேட வேண்டும். விரைவுப் பட்டையில் இரு கோடுகள் தோன்றுவது கலப்புக்குச் சான்றாகாது. மரபணுச் சோதனை வகையை உறுதி செய்யும்; அதற்காகச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது. வைவாக்ஸ் கலந்திருந்தால் கல்லீரல் கிருமிக்கும் மருந்து வேண்டும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. பால்சிபாரம் குணமானபின், புதிய கொசுக்கடி இன்றியே வைவாக்ஸ் தோன்றுவது எவ்வாறு?

2. தடித்த பூச்சு, மெல்லிய பூச்சு ஆகிய இரண்டும் ஏன் தேவைப்படுகின்றன?

3. நோலெசியை மலேரியே என்று மயங்குவதால் நேரும் தீங்கு யாது?

4. காய்ச்சலுடன் மருந்தகம் செல்லும் நண்பருக்கு நீங்கள் நினைவூட்ட வேண்டிய செய்திகள் யாவை?

இவ்வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள்; படிக்க இயலாத முதியவர்க்கும் அண்டை வீட்டார்க்கும் வாய்மொழியாக எடுத்துக் கூறுங்கள். நம் முன்னோர் பலரைப் பலிகொண்ட நோயை இந்நாடு பெருமுயற்சியால் விரட்டியது. அது திரும்பி வரும்போது அதன் முகத்தை அறிந்து வைத்திருப்பதே நமக்குப் பாதுகாப்பு. அதற்கு ஒன்றல்ல, பல முகங்கள் உண்டு என்பதனை மறவாதிருப்போமாக!